கழற்றும் கேபிளா, கழற்றாத கேபிளா?

7 வருடம் உழைத்த என் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி, சென்ற மாதம் கண்ணை மூடியது. புதிதாக வாங்கப் போனால் இரண்டு வகை. கேபிள்களை வேண்டியபடி செருகிக் கழற்றக்கூடிய மாடுலர் ஒன்று, கேபிள்கள் பெட்டியோடு சேர்ந்தே வரும் பழைய வகை இன்னொன்று. நான் பழைய வகையைத்தான் வாங்கினேன்.

மாடுலரின் அழகை மறுக்கவில்லை. தேவையில்லாத கேபிளை மாட்டாமலே விடலாம், கணினியின் கூடான கேபினெட் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். விலை கூடுதல். மற்றபடி 650 வாட் என்றால் இரண்டிலும் 650 வாட்தான்.

நான் யோசித்தது அடுத்த முறை மாற்றும் நாளைப் பற்றி. மதர்போர்டிலும் ஹார்ட் டிஸ்கிலும் செருகும் முனைகளுக்குப் பொதுத் தரநிலை உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸில் செருகும் முனைக்கு அது கிடையாது. முனையின் எந்த ஊசியில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே மாறுவதுண்டு. இதில் வம்பு என்னவென்றால், பழைய கேபிள் பல சமயம் புதிய பெட்டியில் கச்சிதமாகப் பொருந்தியும்விடும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நண்பர் வீட்டுக் கணினியில் மாடுலர் ஒன்றை மாற்றப் போனேன். பழைய கேபிள்கள் கேபினெட்டின் பின்புறம் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. அவிழ்க்கச் சோம்பல். ஹார்ட் டிஸ்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் சாட்டா கேபிளை அப்படியே புதியதில் செருகிச் சுவிட்சைப் போட்டேன். தீய்ந்த வாடை வந்தது. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போயிருக்கிறது. அந்த டிஸ்கில் அவருடைய பத்து வருடப் புகைப்படங்கள். மீட்டுத் தரக் கேட்ட தொகையில் புது டிஸ்க் நாலைந்து வாங்கலாம்.

பழைய வகையில் இந்தத் தவறைச் செய்ய வழியே இல்லை. பெட்டியைக் கழற்றினால் கேபிள்களும் கூடவே வெளியே வந்தாக வேண்டும். மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 என்று நிறக் கம்பியோடு வருவதாக இருந்தால் இன்னும் நல்லது.

மாற்றும் வேலை பெரிதல்ல. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திவிட்டு, கேபினெட்டில் வர்ணம் பூசாத உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ள வேண்டும். பின்புறம் நான்கே திருகுகள். பழுதானாலும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும் கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தாக்கும்.

கையகலக் கேபினெட்டில் நான் வேலை செய்ததில்லை. அங்கே மிச்சக் கேபிளைத் திணிக்க இடம் இருக்காது, மாடுலர்தான் சரிப்படும் என்று தோன்றுகிறது. அப்படி வாங்குபவர்கள் மிச்சக் கேபிள்களை ஒரு பையில் போட்டு மாடல் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். என்னுடைய மிச்சக் கேபிள்கள் டிஸ்க் கூண்டுக்குள் சுருண்டு கிடக்கின்றன. பக்கக் கதவை மூட முழங்காலால் கொஞ்சம் அழுத்த வேண்டியிருக்கிறது.