நிறத்தை எப்போது உறுதிசெய்வது? நூல் சாயம், ஆடைச் சாயம், துணிச் சாயம்: ஓர் ஒப்பீட்டு அலசல்

ஜவுளி உற்பத்தித் திட்டமிடலில் எவ்வளவு உற்பத்தி செய்வது என்பதே பெரும்பாலும் முதல் கேள்வியாக வைக்கப்படுகிறது. அதற்கு முன்பே தீர்க்க வேண்டியது, நிறத்தை எந்தக் கட்டத்தில் உறுதிசெய்வது என்பதுதான் என்று நான் கருதுகிறேன். நூலிலும் சாயமேற்றலாம், துணியிலும் ஏற்றலாம், தைத்து முடித்த ஆடையிலும் ஏற்றலாம். இருப்பு எந்த வடிவில் தேங்கும், கடைசி நேரத்தில் நிறம் மாறினால் எவ்வளவு வீணாகும் என்பவை இந்தத் தேர்வைப் பொறுத்தே அமைகின்றன.

நெசவிலேயே கோடும் கட்டமும் உருவாக வேண்டுமானால் நூல் சாயம்தான் வழி. நூலைத் தளர்வாகச் சுற்றி, சாயமேற்றி, உலர்த்தி, மறுபடியும் கோனில் சுற்றிய பின்னரே பாவு (தறியில் நீளவாட்டில் செல்லும் இழைகள்) ஓட்ட முடியும் என்பதால், மூன்று வழிகளிலும் இதில்தான் நிறம் மிக முன்னதாக முடிவாக வேண்டியிருக்கிறது. எஞ்சிய நூல் அந்த நிறம் வரும் வேறொரு வடிவமைப்புக்காகக் காத்துக் கிடக்கும்.

இதற்கு நேர் எதிரானது ஆடைச் சாயம். இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் 1970களில் சாயமேற்றாத நூலில் ஆடைகளைப் பின்னிவைத்து, விற்பனையின் போக்கு தெரிந்தபின் நிறமேற்றியது இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஆனால், சாயத்தொட்டியில் ஆடை சுருங்கும் அளவை முன்கூட்டியே கணித்து வெட்ட வேண்டும்; பருத்திக்கான ரியாக்டிவ் சாயம் பாலியெஸ்டர் தையல்நூலில் ஏறாது என்பதால் தையல்நூலும் பருத்தியாக இருக்க வேண்டும்; பொத்தானும் ஜிப்பும் அந்த வெப்பத்தையும் காரத்தையும் தாங்க வேண்டும். சாயம் பழுதானால் துணியோடு வெட்டிய கூலியும் தைத்த கூலியும் சேர்ந்தே போய்விடும் என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது.

ஒற்றை நிற ஆடைகளுக்கு, காடா துணியாக, அதாவது சாயமேற்றாத துணியாக, இருப்பு வைத்து, ஆர்டர் உறுதியானபின் சாயமேற்றுவதையே நான் பரிந்துரைப்பேன். ஒன்பது நிறங்களின் தேவையைத் தனித்தனியே கணிப்பதைவிட அவற்றின் கூட்டுத்தொகையைக் கணிப்பது எளிது. ஒன்பதின் தேவையும் சம அளவாக இருந்து, கணிப்புப் பிழைகளும் ஒரே அளவினவாகவும் ஒன்றையொன்று சாராதவையாகவும் இருந்தால், கூட்டுத்தொகையின் விழுக்காட்டுப் பிழை தனி நிறத்தின் பிழையில் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பருவம் முழுவதுமே மந்தமானால் எல்லா நிறங்களும் சேர்ந்தே சரியும் என்பதால் நடைமுறையில் அவ்வளவு பலன் கிடைக்காது; ஆயினும் கிடைப்பது சிறிதன்று. நூல் எண்ணும் (நூலின் தடிமனைக் குறிக்கும் எண்) பின்னலின் அமைப்பும் காடாவிலேயே முடிவாகிவிடுவதால், அடிப்படைத் துணி வகைகளைக் குறைவாக வைத்திருக்கும் ஆலைக்கே இந்தப் பலன் சேரும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) வைத்திருப்பவர், நிறத்தில் தவிர்த்த சிதறலைக் காடாக் கிடங்கில் மறுபடியும் சந்திப்பார்.

இம்முறையில் நெருக்கடி சாய ஆலைக்கு இடம்பெயர்கிறது. எல்லா ஆர்டர்களும் ஒரே வாரத்தில் நிறம் கேட்டு நிற்கும். லேப் டிப் (ஆய்வகத்தில் சாயமேற்றிய நிற மாதிரி) ஒப்புதல் தாமதமானால், காடா கையில் இருந்தும் தையல் வரிசை காத்திருக்கும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குச் செல்லும் வரிசையைக் குலைத்தால் இடையிடையே இயந்திரத்தைக் கழுவ வேண்டிவரும், அந்த நேரத்தில் உற்பத்தி நின்றுவிடும். ஆகவே, காடாவுக்கு நூல் வாங்கும் அதே நாளில், நிறத்தைக் குறிப்பிடாமல் கிலோ அளவை மட்டும் குறித்துச் சாய இயந்திரங்களில் இடம் ஒதுக்கி, அந்த இடம் கைவிட்டுப் போவதற்குள் வாங்குபவர் நிறத்தைச் சொல்ல வேண்டிய கடைசித் தேதியை ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும்.