டிடிஆர்5 6000, 6400, 8000: ஏஎம்5 போர்டில் எந்த கிட்டுக்குக் காசு கொடுக்கலாம்?

ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் பொருந்தும் ரைசன் 7000, 9000 வரிசை ப்ராசஸருக்கு நல்ல ராம் தேடுகிறவர் கடைசியில் மூன்று கிட்களுக்கு (ஜோடியாக விற்கும் ராம் குச்சிகள்) முன்னால் வந்து நிற்கிறார்: 6000 சிஎல்30, 6400 சிஎல்32, 8000 சிஎல்38. முதல் எண் ராமின் வேகம்; சிஎல் என்பது கேட்ட தரவு வரத் தொடங்கும்வரை எத்தனை சுற்று காத்திருக்க வேண்டும் என்பது. மூன்றும் 2×16 ஜிபி. மூன்றிலும் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது எஸ்கே ஹைனிக்ஸின் 16 ஜிகாபிட் ஏ-டை சிப்தான். சில 6000 கிட்களில் அதே நிறுவனத்தின் பழைய எம்-டை இருக்கும். கூடுதல் விலைக்கு நமக்குக் கிடைப்பது வேறு வகை சிப் அல்ல. பொறுக்கி எடுத்த சிப், கொஞ்சம் உயர்தரமான பிசிபி, பெட்டி மேல் பெரிய எண், அவ்வளவுதான். அந்த எண் உங்கள் ப்ராசஸருக்குள் போய்ச் சேருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

காகிதத்தில் போடும் கணக்கு

சிஎல் மதிப்பை 2000-ஆல் பெருக்கி, ராம் வேகத்தால் வகுத்தால் நானோ செகண்ட் வரும். 6000 சிஎல்30 என்றால் 10. 6400 சிஎல்32-ம் அதே 10. 8000 சிஎல்38 என்றால் 9.5. மூன்றுக்கும் நடுவே அரை நானோ செகண்ட்தான் இடைவெளி. பேண்ட்வித்தில் வித்தியாசம் பெரிது: இரண்டு சேனலும் சேர்த்து செகண்டுக்கு முறையே 96, 102.4, 128 ஜிபி.

இதை மட்டும் பார்த்தால் 8000 ஜெயித்துவிட்டது போலத்தான் தெரியும். ஆனால் நடுவே இரண்டு இடத்தில் சுங்கச்சாவடி இருக்கிறது.

முதலாவது, மெமரி கன்ட்ரோலர். 6000 ராமின் உண்மையான கடிகாரம் 3000 மெகாஹெர்ட்ஸ். எம்கிளாக் என்பது அதுதான். கன்ட்ரோலரின் கடிகாரமான யுகிளாக்கும் அதே 3000-ல் ஓடும். 6400-ல் இரண்டும் 3200. 8000-க்கு எம்கிளாக் 4000 ஆக வேண்டும். அந்த வேகத்தில் கன்ட்ரோலர் ஓடாது. அதனால் பாதியாகி 2000-ல் ஓடும். ஒரு சுற்றுக்கு 0.33 நானோ செகண்ட் எடுத்தது இப்போது 0.5 எடுக்கிறது. ஒரு கோரிக்கை கன்ட்ரோலருக்குள் பல சுற்றுகள் காத்திருக்கும் என்பதால், சிஎல்லில் மிச்சம் பிடித்த அரை நானோ செகண்ட் அங்கேயே கரைந்துவிடும்.

இரண்டாவது, எஃப்கிளாக். கோர்கள் இருக்கும் சிசிடிக்கும் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் ஐஓ டைக்கும் நடுவே உள்ள பாலத்தின் வேகம் இது. ஒரு சிசிடி ஒரு சுற்றுக்கு 32 பைட் படிக்க முடியும். எஃப்கிளாக் 2000 என்றால் 64 ஜிபி. 2200 வரை தள்ளினாலும் 70.4 ஜிபிதான். 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி, 9700எக்ஸ் எல்லாம் ஒற்றை சிசிடி ப்ராசஸர்கள். 6000 கிட்டே 96 ஜிபி கொடுக்கத் தயாராக நிற்கும்போது பாலம் 64-க்கு மேல் ஏற்றுவதில்லை. அங்கே 128 ஜிபி கிட்டைக் கொண்டுபோய் மாட்டினால் படிக்கும் வேகத்தில் என்ன கூடும்?

7950எக்ஸ், 9950எக்ஸ் போன்ற இரட்டை சிசிடி ப்ராசஸர்களில் கதை வேறு. இரண்டு பாலம், மொத்தம் 128 ஜிபி. 8000 கிட்டின் அளவு அப்படியே பொருந்துகிறது. யுகிளாக்கும் எஃப்கிளாக்கும் ஒரே 2000-ல் கைகோத்து ஓடுவது கூடுதல் லாபம். ஒய்-கிரஞ்சர் (பை போன்ற எண்களைக் கணக்கிடும் மென்பொருள்), திரவ ஓட்டக் கணிப்பு, ப்ராசஸரிலேயே மொழி மாடல் ஓட்டுவது போன்ற, பேண்ட்வித்துக்கு ஏங்கும் வேலைகளில் இது கண்ணில் தெரியும். 8000-க்கு இந்த ரைசன் வரிசைகளில் நியாயம் கிடைக்கும் ஒரே இடம் இதுதான் என்று துணிந்து சொல்லலாம்.

பெட்டியில் அச்சிடாத எண்

மூன்று கிட்டும் ஒரே மாதிரி தோற்கும் ஒரு இடம் உண்டு: ரெஃப்ரெஷ். டிராம் செல்லில் இருக்கும் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அடிக்கடி நிரப்ப வேண்டும். எத்தனை காலத்துக்கு ஒருமுறை நிரப்புவது என்பது டிரெஃபி. ஒருமுறை நிரப்ப ஆகும் நேரம் டிஆர்எஃப்சி. அந்த நேரம் முழுக்க ராம் வேறு எதற்கும் பதில் சொல்லாது.

டிடிஆர்5 தரநிலைப்படி டிரெஃபி 3.9 மைக்ரோ செகண்ட். 16 ஜிகாபிட் சிப்புக்கு டிஆர்எஃப்சி 295 நானோ செகண்ட். வகுத்துப் பாருங்கள்: 7.6 சதவீத நேரம் ராம் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறது. 8000 கிட் வாங்கினாலும் இந்த இரண்டும் நானோ செகண்டில் மாறாததால் அதே 7.6 தான். 2×24 ஜிபி கிட்களில் 24 ஜிகாபிட் சிப் இருக்கும். தரநிலை 410 நானோ செகண்ட் என்பதால் அங்கே இழப்பு 10.5 சதவீதம்.

இப்போது 6000 கிட்டுக்கு பயாஸில் கையால் டிரெஃபி 50000, டிஆர்எஃப்சி 500 என்று போடுங்கள் (அங்கே இவை சுற்றுக் கணக்கில் இருக்கும்). 500-ஐ 50000-ஆல் வகுத்தால் 1 சதவீதம். காசு கொடுக்காமல் கிடைக்கும் இந்த ஆறரை சதவீதத்தை எந்த விலையுயர்ந்த எக்ஸ்போ ப்ரொஃபைலும் (தயாரிப்பாளர் குச்சியிலேயே பதித்துத் தரும் அமைப்பு) தருவதில்லை. தயாரிப்பாளர் எல்லா வீட்டு வெப்பத்துக்கும் உத்தரவாதம் தர வேண்டியவர். அவர் இந்த எண்ணில் கை வைக்கமாட்டார். நாம் வைக்கலாம்.

ஹைனிக்ஸ் 6000 கிட்டுக்கு, அதிகம் தகராறு செய்யாத தொடக்க மதிப்புகள் (பெயர்கள் பயாஸின் மெமரி டைமிங் பக்கத்தில் இருப்பவை): 30-36-36 (சிஎல், டிஆர்சிடி, டிஆர்பி), டிடபிள்யூஆர் 48, டிஆர்டிபி 12, டிஆர்ஆர்டி-எஸ் 8, டிஆர்ஆர்டி-எல் 12, டிஎஃப்ஏடபிள்யூ 32, டிடபிள்யூடிஆர்-எல் 24, மேலே சொன்ன டிஆர்எஃப்சி, டிரெஃபி. ராமுக்குப் போகும் விடிடி, விடிடிக்யூ இரண்டும் 1.40 வோல்ட். மெமரி கன்ட்ரோலருக்குப் போகும் எஸ்ஓசி 1.20. கிட் 38-38 என்று வந்திருந்தால் முதலில் 38-லேயே விடுங்கள். ஏ-டை என்று உறுதியாகத் தெரிந்தால் டிஆர்எஃப்சியை 400 பக்கம் இறக்கலாம். எம்-டை 480-க்குக் கீழே முரண்டு பிடிக்கும். எக்ஸ்போ மட்டும் போட்டபோது 70-களில் (நானோ செகண்ட்) நின்ற, அய்டா64 மென்பொருள் காட்டும் லேட்டன்சி (தரவு வரும் தாமதம்), இந்தத் திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக 60-களுக்கு இறங்கும்.

6400: சிப் அல்ல, ப்ராசஸர்தான் தடை

6400 கிட் வாங்குவது சுலபம். அதை யுகிளாக்கும் எம்கிளாக்கும் சமமாக, ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் ஓட்டுவது உங்கள் ப்ராசஸரின் யோகம். யுகிளாக் 3200 எல்லா ரைசனிலும் நிற்காது. ராம் நன்றாக இருந்தும் கன்ட்ரோலர் தள்ளாடும். எஸ்ஓசி வோல்டேஜ் 1.25-க்கு மேல் கேட்கும். 1.30-ஐத் தாண்டவே கூடாது. 2023 ஏப்ரலில் 7800எக்ஸ்3டி ப்ராசஸர்கள் கருகிய செய்திகள் வந்த பிறகு ஏஎம்டி பயாஸ் வழியாக 1.3 வோல்ட் உச்சவரம்பு போட்டது நினைவிருக்கும். எக்ஸ்போ போட்டதும் சில போர்டுகள் தாமாகவே அந்த வரம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும். ஆட்டோவில் விடாமல் கையால் எண்ணைப் போடுவது நல்லது.

கண்ணில் படாமல் ஏமாற்றும் இன்னொன்று: சில போர்டுகள் 6000-ஐத் தாண்டியதும் சொல்லாமல் கொள்ளாமல் யுகிளாக்கைப் பாதியாக்கிவிடும். 6400 ராம் 1600 யுகிளாக்கில் ஓடுவதைவிட மோசமான நிலை இந்த மூன்று கிட்டுக்கும் கிடையாது. விண்டோஸ் ஏறியதும் ஜென்டைமிங்ஸ் மென்பொருளைத் திறந்து யுகிளாக், எம்கிளாக் இரண்டும் சமமா என்று பார்த்துவிட்டு மற்ற வேலைக்குப் போங்கள்.

எல்லாம் நின்றால் என்ன கிடைக்கும்? கன்ட்ரோலர் வேகம் 6.7 சதவீதம் கூடும். எஃப்கிளாக்கை 2133-ல் வைத்தால் மூன்றுக்கு இரண்டு விகிதம் சரியாக உட்காரும். லாபம் உண்மையானது, சிறியது. 6000 கிட்டின் அதே ஏ-டை சிப்பை நீங்களே 6400-க்கு ஏற்றிப் பார்க்க முடியும் என்பதால், இதற்கென்று தனியாகக் காசு கொடுப்பது எங்களுக்கு ஒப்பவில்லை.

8000: போர்டும் சேர்த்துத்தான் விலை

இங்கே தடை இடம் மாறுகிறது. யுகிளாக் 2000 என்பது கன்ட்ரோலருக்கு ஓய்வு மாதிரி, எஸ்ஓசி 1.15 பக்கமே போதும். சிரமப்படுவது போர்டில் ஓடும் தடங்களும் சிக்னலும். இரண்டே ஸ்லாட் உள்ள போர்டில் 8000 பெரும்பாலும் நிற்கும். நான்கு ஸ்லாட் போர்டு என்றால், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்டியும் பல போர்டுகள் 7600-லேயே மூச்சு வாங்கும். மெமரி சிக்னல் சுற்றுக்குப் போகும் விடிடிபி வோல்டேஜை 1.10 முதல் 1.15 வரை வைத்துப் பார்க்கலாம். 2×32 ஜிபி இரட்டை ரேங்க் கிட்டில் இந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

8000-ன் பெரிய தொல்லை, ஒவ்வொரு பூட்டிலும் மெமரி ட்ரெய்னிங் (போர்டு ராமோடு சிக்னலைச் சரிசெய்துகொள்வது) வேறுவேறாக முடிவது. இன்று எட்டு மணி நேரம் பிழையின்றி ஓடியது, நாளை காலை பத்தாவது நிமிடத்தில் பிழை காட்டும். அதனால் ஒரே ஒரு நீண்ட சோதனையை இங்கே நம்பக் கூடாது. பவர் சப்ளையை அணைத்து, அரை நிமிடம் விட்டு, குளிர்ந்த நிலையிலிருந்து ஐந்து முறை பூட் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் ஒய்-கிரஞ்சர் ஓட்டுங்கள். சோதிக்கும்போது மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோரை அணைத்து வையுங்கள். அது இருந்தால் பழைய ட்ரெய்னிங்கையே திரும்ப எடுத்துக்கொண்டு உண்மையை மறைத்துவிடும். பிறகு அதை இயக்குவதாக இருந்தால் பவர் டவுன் எனேபிளையும் சேர்த்தே இயக்குங்கள். முதலாவதை மட்டும் இயக்கி இரண்டாவதை அணைத்து வைத்த கணினிகளில் காரணம் புரியாத நீலத்திரைகள் வருவது சகஜம்.

சோதனை: வரிசை மாறினால் வீண்

முதலில் பயாஸைப் புதுப்பித்து, எந்த ப்ரொஃபைலும் போடாமல் தரநிலை வேகத்தில் அய்டா64, ஒய்-கிரஞ்சர், உங்கள் விளையாட்டின் உள்ளமைந்த பெஞ்ச்மார்க் மூன்றையும் மும்மூன்று முறை ஓட்டிக் குறித்து வையுங்கள். இந்த அடிப்படை எண் இல்லாவிட்டால் பின்னால் எதையும் ஒப்பிட முடியாது. அடுத்து எக்ஸ்போ, அதன் பிறகு வேகம், பிறகு டைமிங், கடைசியாக டிரெஃபி. புது மதிப்பு போட்டதும் நேராக விண்டோஸுக்குப் போகாமல், யூஎஸ்பியிலிருந்து மெம்டெஸ்ட்86 ஒரு சுற்று ஓட்டுவது பாதுகாப்பு. பிழையுள்ள ராமோடு விண்டோஸ் அப்டேட் ஆனால் சிஸ்டம் கோப்புகளே கெடும்.

ஒரே மென்பொருள் எல்லாப் பிழையையும் பிடிக்காது. டெஸ்ட்மெம்5-ஐ அண்டா777 எக்ஸ்ட்ரீம் கான்ஃபிகோடு ஓட்டினால் டைமிங் பிழைகள் சிக்கும். ஒய்-கிரஞ்சரின் விடி3 சோதனை கன்ட்ரோலரையும் எஸ்ஓசி வோல்டேஜையும் பிழிந்தெடுக்கும். டெஸ்ட்மெம்5 தேறி விடி3 இரண்டு நிமிடத்தில் விழுந்தால், டைமிங்கைத் தொடாமல் யுகிளாக், எஸ்ஓசி பக்கம் பாருங்கள். தொடங்கியதும் பிழை என்றால் பெரும்பாலும் டிஆர்சிடி இறுக்கம் அல்லது விடிடி குறைவு. 40 நிமிடம் கழித்து முதல் பிழை வந்தால் முதலில் வெப்பத்தைச் சந்தேகியுங்கள்.

எஃப்கிளாக் பிழை வேறு ரகம். அது உடனே விழாது. கெட்ட தரவைத் திரும்ப அனுப்பிச் சமாளித்துக்கொள்ளும். வெளியே தெரிவது, ஒரே சோதனை ஒரு முறை 60 செகண்ட், மறுமுறை 64 செகண்ட் என்று ஆடுவது, ஆடியோவில் கொறகொறப்பு, யூஎஸ்பி விட்டுவிட்டு வருவது. எஃப்கிளாக்கை 2200-க்கு ஏற்றியதும் பெஞ்ச்மார்க் எண் ஏறாமல் ஆடினால் 2133-க்குத் திரும்பிவிடுங்கள்.

டிடிஆர்5-ல் சிப்புக்குள்ளேயே ஈசிசி (பிழை திருத்தும் வசதி) இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. அது செல்லுக்குள் புரளும் பிட்டை மட்டும் திருத்தும். ராமுக்கும் ப்ராசஸருக்கும் நடுவே கம்பியில் கெடும் தரவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஓவர்கிளாக்கில் கெடுவது பெரும்பாலும் அந்த இடம்தான்.

வெப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சூடு ஏற ஏற செல் வேகமாகக் கசியும். டிரெஃபி 50000 வைத்த ராம் 45 டிகிரியில் சாதுவாக இருந்து 60 டிகிரியில் பிழை கொட்டும். ராம் சோதனை மட்டும் ஓட்டும்போது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது. விளையாடும்போது 300 வாட் கார்டு ஊதும் காற்று நேராக ராம் மேல் போகிறது. ஆகவே கடைசிச் சோதனையில் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் வேலை கொடுத்து, ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் டிம் (ராம் குச்சி) வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். 55-க்குள் நின்றால் நிம்மதி. மார்கழியில் தேறிய டிரெஃபி, அறையே 35 டிகிரி இருக்கும் சித்திரையில் தேறாமல் போகலாம். அப்போது 32000-க்கு இறக்குங்கள். இழப்பு அரை சதவீதம்தான். ராம் மேல் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறியைத் திருப்பி வைத்தாலே பல டிகிரி இறங்கும்.

வாங்கும் முன்

எக்ஸ்3டி ப்ராசஸரும் விளையாட்டும் என்றால் 6000 சிஎல்30 போதும். 96 எம்பி எல்3 கேஷ் பல கோரிக்கைகளை ராமுக்கே விடுவதில்லை. மிச்சப் பணத்தை வேறு பாகத்தில் போடுங்கள். 9950எக்ஸும் இரண்டு ஸ்லாட் போர்டும் இருந்து, வேலையும் பேண்ட்வித் கேட்பதாக இருந்தால் 8000 வாங்கலாம். 64 ஜிபி வேண்டும் என்று நான்கு குச்சி மாட்டாதீர்கள். நான்கு மாட்டினால் ஏஎம்டி அதிகாரப்பூர்வமாகச் சொல்லும் வேகம் 3600 மட்டுமே. 2×32 வாங்குங்கள்.

இன்டெல் கோர் அல்ட்ரா 200எஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே 8000 இயல்பான இலக்கு. 2025-ல் வந்த 200எஸ் பூஸ்ட் அந்த வேகம் வரை வாரண்டியோடு அனுமதிக்கிறது. குச்சியிலேயே கடிகாரச் சிப் பதித்த சியூடிம்களும் அந்தத் தளத்தில்தான் பலன் தரும். ஏஎம்5-ல் மாட்டினால் அந்தச் சிப் பைபாஸ் ஆகிச் சாதாரண ராம் மாதிரியே ஓடும்.

பெட்டியில் சிஎல்லை மட்டும் பார்க்காமல் அடுத்த இரண்டு எண்களையும் படியுங்கள். 30-36-36, 30-38-38 என்றால் பெரும்பாலும் ஹைனிக்ஸ். 30-40-40 என்றால் சாம்சங்காகவும் இருக்கலாம், மேலே சொன்ன டிஆர்எஃப்சி மதிப்புகள் அதற்கு ஒத்துவராது. சில மலிவுக் கிட்களில் குச்சியின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பிஎம்ஐசி சிப் பூட்டப்பட்டிருக்கும், 1.435 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. 6000-ல் நிற்பவருக்கு அது பிரச்சினையே இல்லை, 1.45 கேட்கும் சிஎல்26, சிஎல்28 ஆசை இருந்தால் திரும்பக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் பயாஸில் 1.45 போட்டு, ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் அது ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.