கூடவே தங்குவதா, ஷிப்டு வேலையா?

குழந்தைகள் இல்லத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, பெற்றோரின் பராமரிப்பு இல்லாத பிள்ளைகளை வளர்க்கும் எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமங்களில் உள்ளதுபோல், பிள்ளைகளோடு கூடவே தங்கும் வீட்டுக்கு ஒரு அம்மா. 1949-ல் ஆஸ்திரியாவின் இம்ஸ்டில் ஹெர்மன் க்மைனர் தொடங்கிய முறை. சோறு, வீட்டுப்பாடம், நடுராத்திரிக் காய்ச்சல் எல்லாம் உங்கள் பொறுப்பு. விடுப்பில் ஊருக்குப் போனாலும் மனசு அங்கேயேதான் இருக்கும்.

இன்னொன்று ஷிப்டு. நேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். நான் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் காலையில் போனபோது ஆறு வயதுப் பையன் ஈர டிரவுசரோடு உட்கார்ந்திருந்தான். நனைந்த போர்வை கட்டிலுக்கடியில். இரவு ஷிப்டுக்குப் புதிதாக வந்த அக்காவிடம் சொல்லக் கூச்சம். நான் வரும்வரை காத்திருந்திருக்கிறான்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கூடவே தங்கும் ஆள்தான் வேண்டும். வளர்ந்தவர்களுக்கு ஷிப்டு போதும், முகங்கள் அடிக்கடி மாறாமல் இருந்தால்.