மலேரியா கணக்கெடுப்பு: டெஸ்ட் கிட்டா, மைக்ராஸ்கோப்பா?

ஆப்பிரிக்க நாடுகளில் நடக்கும் வீட்டுவாரி மலேரியா கணக்கெடுப்புகளில், பெரும்பாலும் 6 முதல் 59 மாதக் குழந்தைகளின் விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். அதை உடனடி டெஸ்ட் கிட்டில் சோதிப்பதா, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதா என்பதில்தான் பலருக்கும் தடுமாற்றம்.

நேரம்: கிட்டில் 15–20 நிமிடம், குழந்தைக்கு அங்கேயே மருந்து கொடுத்துவிடலாம். மைக்ராஸ்கோப் என்றால் மலேரியா ஒட்டுண்ணி கண்ணில் படுவதற்காக ஜீம்சா என்ற சாயம் ஏற்றி, ஆய்வகத்தில் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆள்: கிட்டுக்குக் குறுகிய பயிற்சி போதும். மைக்ராஸ்கோப்புக்குக் கண் பழகியவர் வேண்டும்.

துல்லியம்: இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பல கிட்டுகள் தேடுவது ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி வகை வெளியிடும் எச்ஆர்பி2 என்ற புரதத்தை. ஒட்டுண்ணி செத்த பிறகும் அது வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். அதனால் கிட் காட்டும் மலேரியா சதவீதம் மைக்ராஸ்கோப்பைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஓர் ஆண்டு கிட்டிலும் அடுத்த முறை மைக்ராஸ்கோப்பிலும் எடுத்துவிட்டு, ‘மலேரியா குறைந்தது’ என்று சொல்வது பெரிய தப்பு. ஆப்பிரிக்க நாடான எரித்ரியாவில் நேர்மாறான சிக்கல்: அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லாத ஒட்டுண்ணிகள் கிட்டுக்குத் தப்பின. 2016இல் வேறு வகைக் கிட்டுக்கு மாறினார்கள்.

சரி, எதை எடுப்பது? ஆய்வகம் எட்டாத கிராமம், அன்றே சிகிச்சை என்றால் கிட். ஒட்டுண்ணியின் வகையும் அடர்த்தியும் தெரிய வேண்டுமானால் மைக்ராஸ்கோப். பணம் இருந்தால் ஒரே குத்தில் இரண்டுக்கும் ரத்தம் எடுத்துவிடுங்கள்.