டவுனா, உப்புவெளியா? திருகோணமலைக்கு வேலைக்கு வருபவர்களுக்கு

வேலை கிடைத்துத் திருகோணமலைக்கு வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்பது இதைத்தான்: “வீடு டவுனுக்குள்ள பார்க்கிறதா, உப்புவெளிப் பக்கம் பார்க்கிறதா?” கேட்கும்போதே போனில் தூரத்தை அளந்து வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். தூரத்தை விடுங்கள். பஸ் நிலையத்தடியிலிருந்து உப்புவெளிக்கு ஐந்தாறு கிலோமீட்டர். கொழும்பு நெரிசலில் இருந்து வந்தவருக்கு அதெல்லாம் ஒரு தூரமே இல்லை. இந்த இரண்டு இடங்களையும் பிரித்து வைப்பது பருவம். டவுன் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். உப்புவெளி ஏப்ரலில் ஓர் ஊர், டிசம்பரில் வேறோர் ஊர். வாடகை, சாப்பாடு, இரவுச் சத்தம், தனிமை எல்லாம் அதோடு சேர்ந்தே மாறும்.

எதை எதோடு ஒப்பிடுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டவுன் என்றால் ஏகாம்பரம் வீதி, திருஞானசம்பந்தர் வீதி, வித்தியாலயம் வீதி, அவற்றுக்குள் ஓடும் ஒழுங்கைகள். ஒரு பக்கம் டச்பே, இன்னொரு பக்கம் உட்துறைமுகம் என்று கடல் நெருக்கிப் பிடித்திருக்கும் நிலம். விரிய இடமில்லாததால் வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். உப்புவெளி என்று நான் சொல்வது நிலாவெளி வீதியின் இருமருங்கும் உள்ள உப்புவெளி, அலஸ்தோட்டம், இரண்டாம் உலகப் போர் மயானத்தின் அயல். நிலாவெளியே வேண்டும் என்பவர்கள் கிட்டத்தட்ட பதினைந்து கிலோமீட்டர் போக வேண்டும். அது தினசரி வேலைக்கு ஓடுகிறவருக்குச் சரிவராது.

வாடகையும் வீட்டுக்காரரும்

கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும் ஏப்ரல், மே முதல் செப்டம்பர் வரை உப்புவெளிக்குச் சுற்றுலாக் காலம். அந்த மாதங்களில், இரவுக்கு இவ்வளவு என்று வெளிநாட்டுக்காரருக்கு விடக்கூடிய அறையை உங்களுக்கு மாத வாடகைக்கு விட வீட்டுக்காரருக்கு என்ன பைத்தியமா? ஆனால் நவம்பரில் போய்ப் பாருங்கள். கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, கட்டில் மேசையோடு, தனிக் குளியலறையோடு, டவுனில் ஓர் இருட்டறைக்குக் கேட்கும் காசுக்கே வீடு கிடைக்கும். தேநீரும் கிடைக்கும். மார்ச் பிறந்ததும் கதை மாறும். “தம்பி, லண்டனில இருந்து மகள் ஆக்கள் வாறாங்க. சித்திரைக்குள்ள வேற இடம் பார்த்துக்கொள்ளுங்கோ.” மகள் வருவாரோ இல்லையோ, முதுகுப் பையோடு ஒரு சோடி வந்து இறங்கும்.

இதற்கு மருந்து ஒன்று உண்டு, ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை, 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு (உறுதிப் பத்திரம் எழுதும் சட்ட அலுவலர்) முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். முத்திரை ஒட்டி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட வெறும் தாள், ஒரு வருடக் குத்தகை என்று சொல்லிக்கொள்ளும் பலம் இல்லாதது. உப்புவெளியில் வீடு எடுத்தால் ஒரு முழு வருடத்துக்கு நொத்தாரிசிடம் எழுதக் கேளுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரரின் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே ஏப்ரலில் என்ன நடக்கும் என்பது தெரிந்துவிடும்.

டவுனில் அந்தப் பயம் கிடையாது. சித்திரையில் உங்களை எழுப்பிவிட்டு அந்த அறைக்கு யாரைக் கொண்டுவருவது? அங்கே உள்ள தொல்லை வேறு. பெரும்பாலும் வீட்டுக்காரர் முன்வீட்டில், நீங்கள் பின்னால் ஒட்டிய அனெக்ஸில். ஓய்வுபெற்ற ஆசிரியர் அல்லது எழுதுவினைஞர் ஒருவர் நேர்முகத் தேர்வு வைப்பார். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், சைவமா மச்சமா, யார் யார் வந்து போவார்கள். இரவு பத்து மணிக்குப் படலை பூட்டு. கலியாணம் கட்டாத ஆண்பிள்ளை என்றால் பாதி இடங்களில் கேள்விக்கே இடமில்லை, “குடும்பத்துக்குத்தான் குடுக்கிறது” என்று முடிந்துவிடும். அலுவலகத்தில் யாராவது மூத்தவர் ஒருவர் கூட வந்து “நம்மட பிள்ளைதான்” என்று சொன்னால் அதே படலை திறக்கும்.

முற்பணம் இரண்டு இடத்திலும் கேட்பார்கள், ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். அதை மாதாமாதம் வாடகையில் கழிப்பாரா, போகும்போது மொத்தமாகத் திருப்பித் தருவாரா என்பதைக் காசு கைமாறுவதற்கு முன் தெளிவாகப் பேசி, எழுத்திலும் போட்டுக்கொள்ளுங்கள்.

கறன்ட், தண்ணீர், கறள்

வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. அலகு கூடக் கூட, அலகுக்கான விலையும் கூடும். டவுன் அனெக்ஸில் வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே மீற்றர் என்றால் இரண்டு விசிறி, ஒரு ஐயன் பெட்டி அளவில் சண்டை முடிந்துவிடும். உப்புவெளியில் அதே மீற்றரில் விருந்தினர் அறைகளின் ஏசி மூன்று ஓடினால், நீங்கள் போடும் ஒற்றை மின்குமிழும் உச்சப் படியின் விலையில்தான் எரியும். உங்கள் பாவனையைத் தனியாக அளக்கும் சப் மீற்றர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, பில்லை எந்தக் கணக்கில் பிரிப்பது என்றும் கேட்க வேண்டும்.

தண்ணீருக்குக் குழாய் இணைப்பு உள்ள வீடாகப் பாருங்கள். கரையோரக் கிணறுகள் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் வற்றி, சவர்த் தன்மை ஏறிவிடும். குளித்தால் தலைமுடி சொல்லும். கடலை ஒட்டிய வீட்டில் இன்னொரு செலவும் உண்டு. மோட்டார் சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, லப்டொப்பின் திருகாணி எல்லாம் கறள் பிடிக்கும். கடற்காற்று வாங்கலாம் என்று கரைக்குப் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

நாள் எப்படிப் போகும்

தனியாக இருப்பவருக்கு டவுனின் பெரிய வசதி சாப்பாடு. காலையில் இடியப்பமும் சொதியும், மதியம் சோற்றுப் பார்சல், இரவு கொத்து, எல்லாம் நடை தூரத்தில். வேலை முடிந்து சந்தைக்குள் நுழைந்து வெளியே வந்தால் இரவுச் சமையலுக்கு வேண்டியது கையில். பின்னேரம் டச்பேயில் கடலைச் சுருளோடு உட்கார்ந்தால் ஊரில் பாதிப் பேரைக் கண்டுவிடலாம், அதில் உங்கள் மேலதிகாரியும் இருப்பார். அதைப் பிடிக்கிறவருக்கு டவுன். சரி, பிடிக்காதவர்?

அவருக்கு உப்புவெளியின் காலைகள் இருக்கின்றன. கரைவலைக் காலத்தில் விடிந்து கொஞ்ச நேரத்திலேயே கரையில் நின்றால், வலை மடி ஏறும்போது துள்ளும் கீரியும் சூடையும் பாரையும் கண் முன்னாலேயே பிரிபடும். வியாபாரியின் தராசுக்குப் போக முன்னர் கறிக்கு ஒரு கோர்வை வாங்கிவிடலாம். அந்த மீனோடு ஒப்பிட்டால் டவுன் சந்தை மீன் ஒரு நாள் மூத்தது. ஆனால் சமைக்கத் தெரியாதவருக்கு உப்புவெளி ஒரு தண்டனை. சுற்றுலாக் காலத்தில் கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளின் விலைப்பட்டியல் வெளிநாட்டுக்காரருக்கு எழுதியது. மாரியில் அந்தக் கடைகளில் பல பூட்டிக் கிடக்கும். ஒரு பார்சலுக்காக மழையங்கி போட்டுக்கொண்டு டவுனுக்கு வர வேண்டும். உங்கள் சம்பளத்தில் பாதி பெற்றோல் கடைக்குப் போகிறது என்று ஒரு நாள் தெரியவரும்.

டவுனில் நிம்மதி இல்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பொய் இல்லை. காலையில் பள்ளிக்கூட வான்களும் ஓட்டோக்களும் ஏகாம்பரம் வீதியை அடைத்துவிடும். கோயில் ஒலிபெருக்கிக்கு விடுமுறை கிடையாது. சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் வாசலில் நிறைகுடம் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுக்காமல் இருப்பதுதான் புத்தி. இதற்குள் மான்கள் வேறு. வெளியூர்க்காரர் நம்ப மாட்டார்கள், கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் கூட்டமாக வீதிக்கு வந்துவிடும். குப்பை மூட்டையைப் பிரித்து மேயும், படலை திறந்திருந்தால் உள்ளே வந்து ரோசாச் செடியை அடியோடு முடிக்கும். இரவில் வெளிச்சம் குறைந்த வளைவில் தார் வீதியில் படுத்திருக்கும். மோட்டார் சைக்கிள்காரர் கவனமாக வர வேண்டும்.

சத்தத்தைப் பற்றி உப்புவெளிக்காரர் அதிகம் பேசக்கூடாது. ஜூலை, ஓகஸ்டில் கடற்கரைப் பாட்டு நடுச்சாமம் தாண்டும். அடுத்த நாள் எட்டரைக்கு விரலடையாளம் வைக்க வேண்டியவருக்கு அது பாட்டாகக் கேட்காது.

மாரி

நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். டவுனிலும் தாழ்ந்த ஒழுங்கைகளில் தண்ணீர் நிற்கும், வடிகான் பொங்கும். ஆனாலும் கடை இருக்கும், அயலவர் இருப்பார், வைத்தியசாலை கைக்கெட்டிய தூரத்தில். உப்புவெளியில் பக்கத்து விருந்தினர் விடுதிகள் பூட்டியிருக்க, ஒழுங்கையில் உங்கள் வீட்டு விளக்கு மட்டும் எரியும். 2020 டிசம்பர் ஆரம்பத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரை ஏறியது. 2004 ஆழிப்பேரலையை இந்தக் கரை மறக்கவில்லை. பிள்ளை கடலுக்குக் கிட்ட வீடு எடுத்திருக்கிறது என்று கேட்டால் ஊரிலிருக்கும் அம்மா அப்பா முதலில் கேட்பது அதைத்தான்.

தனியாக வேலைக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் நான் சமநிலையாகப் பேசப்போவதில்லை. முதல் வருடம் டவுன். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பஸ்கள் உப்புவெளியால்தான் போகின்றன, பகலில் கரைச்சல் இல்லை. இருட்டிய பிறகு பஸ் குறைந்துவிடும். பிரதான வீதியில் இறங்கி உள் ஒழுங்கையில் நடக்க வேண்டும். சுற்றுலாக் காலத்தில் அங்கே தெரியாத ஆட்கள் அதிகம், மாரியில் ஆட்களே இல்லை. இரண்டும் நல்லதல்ல. தோழிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து முழு வீடாக எடுத்தால் கதை வேறு.

வேலை எங்கே?

வேலையிடம் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும் ஓர் இடம் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கிறது. அங்கே விரிவுரையாளராகவோ அலுவலராகவோ வருபவர் உப்புவெளியில் இருந்தால் காலை நெரிசலுக்கு எதிர்த்திசையில் போவார். டவுனில் இருந்தால் நெரிசலைத் துளைத்துக்கொண்டுதான் வெளியேற வேண்டும். ஆளுநர் செயலகம் உள்ள உவர்மலை, வங்கிகள், பொது வைத்தியசாலை என்றால் டவுன்தான். மாகாண அமைச்சு அலுவலகங்கள் உள்ள வரோதயநகர்ப் பக்கம், சீனக்குடாவில் மா ஆலை, எண்ணெய்க் குதங்கள் என்று வேலை செய்பவர்கள் இரண்டையும் விட்டுவிட்டுப் பாலையூற்று, செல்வநாயகபுரம் பக்கம் ஒரு சுற்றுப் பார்க்கலாம். கடல் இல்லை, ஆனபடியால் ஏப்ரலில் எழுப்புகிற கதையும் இல்லை. வளவோடு வீடு கிடைக்கும்.

வார இறுதியில் ஊருக்கு ஓடுகிறவர் எந்த யோசனையும் இல்லாமல் டவுனை எடுக்கலாம். கொழும்புக்கு இரவு ரயில், வவுனியா, யாழ்ப்பாணம், மட்டக்களப்புக்கு பஸ், எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. உப்புவெளி வீட்டின் முழு இன்பமும் சனி, ஞாயிறில் இருக்கிறது. அந்த இரண்டு நாளும் நீங்கள் அங்கே இல்லையென்றால் கடலுக்கு ஏன் வாடகை கட்டுகிறீர்கள்?

என்னைக் கேட்டால், தனியாள் முதல் வருடம் டவுனில் இருக்கட்டும். அப்புறம் சொந்தமாக மோட்டார் சைக்கிள், சமையல், ஊரில் நாலு பழக்கம் எல்லாம் சேர்ந்த பிறகு, ஒரு வருட எழுத்தோடு உப்புவெளிக்குப் போகட்டும். வளாகத்தில் வேலை செய்பவரும், வீட்டிலிருந்தே கணினி வேலை செய்பவரும் நேரே போகலாம். இரண்டாமவர் ஃபைபர் இணைப்பு அந்த ஒழுங்கைக்கு வந்திருக்கிறதா என்று முதலில் அடுத்த வீட்டில் விசாரிக்க வேண்டும், வீட்டுக்காரரிடம் அல்ல.

வீடு பார்க்கப் போகும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். உப்புவெளி வீட்டை மழை பெய்து இரண்டு நாள் கழித்து, இருட்டிய பிறகு பார்க்க வேண்டும். டவுன் அனெக்ஸைக் கச்சான் அடிக்கும் ஜூன் மாதத்தில், மதியம் இரண்டு மணிக்கு, விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே நின்று பார்க்க வேண்டும்.