ஒரே கிராஃப், மூன்று வழிகள்: ஐஇஎல்டிஎஸ் டாஸ்க் 1-இல் எது எடுபடும்?

ஐஇஎல்டிஎஸ் என்பது வெளிநாட்டுப் படிப்புக்குப் போகிறவர்கள் எழுதும் இங்கிலீஷ் தேர்வு. அதன் அகாடமிக் எழுத்துத் தேர்வில் முதல் கேள்வி, அதாவது டாஸ்க் 1, ஒரு படம். கிராஃபோ டேபிளோ மேப்போ கொடுத்து, அதில் இருப்பதைக் குறைந்தது 150 சொற்களில் எழுதச் சொல்வார்கள். மொத்தம் 60 நிமிடத்தில் இதற்குச் சுமார் 20 நிமிடம் செலவழிக்கச் சொல்வார்கள். அடுத்து வரும் கட்டுரைக்கு இதைப்போல இரண்டு மடங்கு மதிப்பு. கருத்துச் சொல்ல வேண்டாம், காரணம் தேட வேண்டாம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்றாக இங்கிலீஷ் எழுதுகிறவர்கள்கூட இதில் 9-க்கு 6 என்ற பேண்டைத் (மதிப்பெண் நிலையை) தாண்ட முடியாமல் நிற்பதுண்டு. எதை எதோடு சேர்த்துச் சொல்வது என்று முடிவு பண்ணாமலே எழுத ஆரம்பித்துவிடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

ஒரு கேள்வியை வைத்தே பார்த்துவிடலாம். எண்கள் நானே போட்டவை. ஒரு நகரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் எதில் போகிறார்கள் என்று காட்டும் லைன் கிராஃப்; 1990 முதல் 2020 வரை, பத்தாண்டுக்கு ஒரு புள்ளி. பஸ் 45 சதவீதத்தில் தொடங்கி 43, 36, 30 என்று இறங்குகிறது. சைக்கிள் 30, 20, 10, 5. டூவீலர் 15, 25, 37, 40. கார் 10, 12, 17, 25. நான்கு கோடுகள், பதினாறு எண்கள்.

முதல் வழி ஆண்டு வாரியாகப் போவது. 1990-இல் பஸ் இவ்வளவு, சைக்கிள் இவ்வளவு, டூவீலர் இவ்வளவு. 2000-இல் பஸ் இவ்வளவு... முதல் முறை எழுதுகிறவர்கள் பலர் இப்படித்தான் போவார்கள், கண் இடமிருந்து வலமாகப் போகிறதே. பதினாறு எண்ணும் வந்துவிடும், 150 சொல்லும் சுலபமாகத் தேறிவிடும். ஆனால் படித்து முடித்தவரிடம் "சைக்கிளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால், நான்கு வாக்கியங்களில் சிதறிக் கிடப்பதை அவரே பொறுக்கிச் சேர்க்க வேண்டும். கோடாக இருந்ததை மறுபடி டேபிளாக மாற்றிக் கொடுத்த மாதிரி. தேர்வு நடத்துகிறவர்கள் வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு விளக்கத்தில், விவரங்களை இயந்திரத்தனமாக ஒப்பிப்பது 5-ஆம் பேண்டின் அடையாளமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. இந்த வழி நேராக அங்கேதான் கொண்டுபோய் விடும்.

இரண்டாவது வழி கோட்டுக்கு ஒரு பத்தி. பஸ்ஸின் கதை முழுக்க ஒரு பத்தி, சைக்கிளுக்கு ஒரு பத்தி என்று போகும். முதல் வழியைவிட இது எவ்வளவோ மேல். ஏற்றமும் இறக்கமும் தெளிவாகத் தெரியும், குழப்பத்துக்கு இடமில்லை. சிக்கல் எங்கே என்றால், கேள்வியிலேயே தேவையான இடத்தில் ஒப்பிடு என்று எழுதியிருக்கும். இந்த கிராஃபில் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் 2010: டூவீலர் 37, பஸ் 36. இருபது ஆண்டுகளாக முதலிடத்தில் இருந்த பஸ்ஸை டூவீலர் மயிரிழையில் முந்துகிற இடம் அது. பஸ் முதல் பத்தியிலும் டூவீலர் மூன்றாம் பத்தியிலும் இருந்தால் அந்தச் சந்திப்பை எங்கே சொல்வது? பெரும்பாலும் யாரும் சொல்வதே இல்லை. தவிர, நான்கு பத்தியும் 'இன்க்ரீஸ்டு', 'டிக்ரீஸ்டு' என்று ஒரே அச்சில் வந்து நிற்கும்.

மூன்றாவது வழி, ஒரே மாதிரி நடந்துகொள்பவற்றைச் சேர்ப்பது. இறங்கியவை பஸ்ஸும் சைக்கிளும். ஏறியவை டூவீலரும் காரும். இரண்டே பத்தி. உள்ளே நுழைந்ததும் ஒப்பீடு தானாக வந்துவிடுகிறது: இரண்டுமே இறங்கின, ஆனால் பஸ் மூன்றில் இரண்டு பங்கைத் தக்கவைத்துக்கொண்டது, சைக்கிள் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியது. அடுத்த பத்தியில் டூவீலர் முதல் இருபது ஆண்டுகளில் வேகமாக ஏறிக் கடைசியில் 3 புள்ளியோடு தளர்கிறது. கார் அதற்கு நேர்மாறாகக் கடைசிப் பத்தாண்டில்தான் 8 புள்ளி தாவுகிறது. பஸ்ஸை முந்திய செய்தியையும் இங்கேயே ஒரு வாக்கியத்தில் போட்டுவிடலாம். பதினாறு எண்ணும் வேண்டியதில்லை, பத்து இருந்தாலே தாராளம். 2000-இல் கார் 12 என்பதை விட்டுவிட்டால் ஒன்றும் குடி மூழ்கிவிடாது.

இந்த வழியில் இன்னொரு லாபம், ஓவர்வியூ, அதாவது படத்தின் மொத்தச் சாரம், கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு ஏறின, இரண்டு இறங்கின, முதலிடம் கை மாறியது: அவ்வளவுதான் ஓவர்வியூ. எண்ணே வேண்டாம். தெளிவான ஓவர்வியூ இல்லாமல் 7-ஐ எதிர்பார்க்க முடியாது என்பதால், இந்த இரண்டு வாக்கியத்துக்கு மற்ற எதையும்விட விலை அதிகம். அதை முன்னுரைக்கு அடுத்து வைப்பதா, கடைசியில் வைப்பதா என்று ஒரு சண்டை உண்டு. இரண்டும் செல்லும். நான் முன்னால் வைக்கத்தான் சொல்வேன். நேரம் முடிந்துவிட்டால் கடைசியில் இருப்பதுதானே முதலில் பலியாகும்.

குறையும் இருக்கிறது. எழுதுவதற்கு முன் மூன்று நான்கு நிமிடம் சும்மா உட்கார்ந்து கோடுகளைப் பார்க்க வேண்டும், பரீட்சை ஹாலில் அது லேசான காரியமில்லை. நான்கு கோடும் ஏறினால் ஏறியவை, இறங்கியவை என்று பிரிக்க முடியாது. வேகமாக ஏறியவை, மெதுவாக ஏறியவை என்று வேறு பிடி தேட வேண்டும். ஆண்டே இல்லாத பார் சார்ட், டேபிள் என்றால் பெரியவை, சிறியவை. பை சார்ட் இரண்டு வந்தால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல், ஒரே துண்டை இரண்டிலும் வைத்துப் பேசுவது நல்லது.

ஆனால் ஒரு பொருள் எப்படி உருவாகிறது என்று படிப்படியாகக் காட்டும் பிராசஸ் டயக்ரம் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். அங்கே முதல் வழியான வரிசைதான் ராஜா. தேயிலை தயாரிப்பு வருகிறது என்று வையுங்கள்: பறிப்பது, வாட விடுவது, உருட்டுவது, புளிக்க விடுவது, உலர்த்துவது, தரம் பிரிப்பது. இதில் எதையும் எதோடும் சேர்க்க முடியாது, படி மாறினால் தேயிலையே இல்லை. ஓவர்வியூ என்பது எத்தனை படி, எதில் தொடங்கி எதில் முடிகிறது என்பதுதான். பத்தியை எங்கே உடைப்பது என்பது மட்டும் உங்கள் கையில். இலை இலையாகவே இருக்கும்வரை ஒன்று, நிறமும் மணமும் மாறத் தொடங்கியதும் இன்னொன்று என்று உடைக்கலாம். வினைகள் செயப்பாட்டில் வரும், யார் பறித்தார்கள் என்பது பேச்சே இல்லை. குன்னூர் பக்கத்து ஆள் ஒருவர் எழுதினால் கை பரபரக்கும். ஆனால் டயக்ரமில் இல்லாத ஒரு விஷயத்தைச் சேர்த்தால் அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் மார்க் கிடையாது.

மேப்பில் பழைய படத்தை முழுதாக விவரித்துவிட்டுப் புதியதற்குப் போகிறவர்கள் இரண்டாவது வழியின் அதே குழியில் விழுகிறார்கள். வடக்குப் பக்கம் என்ன மாறியது, தெற்கில் என்ன மாறியது என்று திசை பிரித்துச் சொன்னால் இரண்டு படமும் ஒரே வாக்கியத்துக்குள் வந்துவிடும்.

மனப்பாடம் பண்ணிய தொடக்க வரிகளை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை. கேள்வியில் உள்ள சொற்களை அப்படியே இறக்கினால் அவை சொல் எண்ணிக்கையில் சேராது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சரி, கட்டுரையை முதலில் எழுதிவிட்டு வந்து பார்த்தால் கையில் 12 நிமிடம்தான் இருக்கிறது, என்ன செய்வது? அப்போது மூன்றாவது வழியைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். ஓவர்வியூவை முதலில் எழுதிவிட்டு, கோடு கோடாக இரண்டாவது வழியிலேயே போங்கள். பஸ்ஸுக்கு அடுத்த பத்தியிலேயே டூவீலரை வையுங்கள். 2010-க்கு ஒரு வாக்கியம் எப்படியும் கிடைத்துவிடும்.