பீடோரில் பிரேக் துடிப்புக்கு ஒரு நல்ல பட்டறை

வாரம் ஒரு முறை காய்கறி எடுக்க என் மைவி காரில் கேமரன் மலைக்குப் போய்வருகிறேன். சில மாதங்களாக ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் பெடல் காலுக்கடியில் துடிக்கும், ஸ்டேரிங்கும் சேர்ந்து ஆடும். ஒரு கடையில் பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகடு) வளைந்துவிட்டது என்று சொல்லி முன்பக்கம் இரண்டையும் புதிதாக மாற்றினார்கள், 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் ஆனது, நாலு மாதத்தில் அதே துடிப்பு திரும்பி வந்துவிட்டது.

அப்புறம்தான் செம்பனைத் தோட்டத்துக்குத் திரும்பும் முனையில் இருக்கும் இந்தச் சின்னப் பட்டறைக்குப் போனேன். பெயர்ப் பலகைகூடக் கிடையாது. அண்ணன் எதையும் கழற்றுவதற்கு முன் என்னையும் ஏற்றிக்கொண்டு மைவியை அவரே ஓட்டினார், ஆளில்லாத நேர் ரோட்டில் பின் சக்கரங்களைப் பிடிக்கும் ஹேண்ட்பிரேக்கை மட்டும் மெதுவாக இழுத்துப் பார்த்தார். ஆட்டமே இல்லை. "பின்னால டிரம் பிரேக் நல்லாருக்கு தம்பி, கோளாறு முன்னாலதான்" என்றார்.

டயரைக் கழற்றி, டிஸ்க்கை நட் போட்டு இறுக்கி, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துக் கையால் சுற்றினார். முள் 0.11 மில்லிமீட்டர் ஆடியது. 0.05க்குள் இருக்க வேண்டுமாம். டிஸ்க்கை எடுத்ததும் காரணம் கண்ணிலேயே தெரிந்தது: டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் வட்டமாகப் பொருக்குத் தட்டிய துரு. முந்தின கடையில் அதைச் சுரண்டாமலே புது டிஸ்க்கை மேலே வைத்து இறுக்கியிருக்கிறார்கள். டிஸ்க் உட்காரும்போதே சாய்ந்து உட்கார்ந்தால், சுற்றும்போது ஒரே இடம் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடில் உரசி உரசித் தேய்கிறது, தடிமன் இடத்துக்கு இடம் மாறுகிறது, அந்த மேடுபள்ளம்தான் பேடுக்குப் பின்னால் இருக்கும் பிஸ்டனைத் தள்ளிப் பெடலில் துடிப்பாக வருகிறது. வளைந்துவிட்டது என்று நாம் சொல்வதில் பெரும்பாலானது இதுதான்.

கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்ததும் முள் 0.03க்கு இறங்கியது. டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைக் காட்டி, இன்னும் இடம் இருக்கிறது என்று மேற்பரப்பை லேசாகச் சீவி ஸ்கிம் செய்தார், பேடைத் தாங்கும் காலிப்பரின் 'பின்'னுக்கு கிரீஸ் வைத்தார், வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சில் எதிரெதிராக இறுக்கினார். மொத்தம் 140 வெள்ளி. புது டிஸ்க் விற்கப் பார்க்கவே இல்லை, எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

ஒரே ஆள் என்பதால் அரை நாள் காத்திருக்க வேண்டும், உட்கார ஒரு பெஞ்சுதான். காலை எட்டரைக்கே போய்விடுங்கள். மூன்று தடவை மலை இறங்கிவிட்டேன், பெடல் அசையவில்லை.